விளையாட்டும் பிறமொழிப் பயிற்சியும்

பிறமொழி ஒன்றைப் பல்லாண்டு கற்றும், அம்மொழியில் நாலு வார்த்தை பேச நாவெழாத மாணவர்கள் நம்மிடையே ஏராளம். இலக்கண வினாக்களுக்குப் பிழையின்றி விடை எழுதுவர்; வழி கேட்கும் வெளிநாட்டாரைக் கண்டாலோ ஒதுங்கி நடப்பர். இவர்களிடம் குறைவது அறிவன்று, துணிவே. பிழைபடப் பேசினால் வகுப்பு நகைக்கும் என்ற அச்சம் நாவைக் கட்டிவிடுகின்றது. கணினி விளையாட்டுக்களாலும் புதிய ஊடகங்களாலும் மொழி கற்பிக்கலாமா என்ற கேள்வியை, இந்த அச்சத்தை மனத்திற் கொண்டே நாம் ஆராய்தல் வேண்டும்.

கருவிகளின் துணையோடு மொழி கற்பிப்பது புதிதன்று. 1943ஆம் ஆண்டிலேயே பி.பி.சி. வானொலி பிறநாட்டாருக்கு ஆங்கிலப் பாடங்களை ஒலிபரப்பத் தொடங்கிற்று. 1960இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்னும் கணினிப் போதனை முறை தோன்றிப் பின்னர் மொழிப் பாடங்களுக்கும் பயன்பட்டது. ஆயினும் வானொலி பேச மாணவன் கேட்டான். கணினி வினவ அவன் விடையளித்தான். தனக்கு வேண்டிய காரியம் ஒன்றை முடித்துக்கொள்வதற்காக அவன் மொழியைக் கையாளும் வாய்ப்பு அரிதாகவே இருந்தது.

இக்குறையை நீக்க முயன்றவர்களுள் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார் குறிப்பிடத்தக்கவர். அங்கு பிரெஞ்சு மொழி கற்பித்த கில்பேர்ட் பர்ஸ்டன்பேர்க் என்னும் அம்மையார், 1980களில் தம் குழுவினருடன் சேர்ந்து, கணினியால் இயங்கும் படக்கதை ஒன்றை ஆக்கினார். கதை நிகழும் இடம் பாரிஸ் நகரம். பிலிப் என்னும் இளைஞனை அவனுடைய காதலி வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லிவிடுகிறாள். அவனுக்கு உடனே குடியிருக்க ஓர் இடம் வேண்டும். அவனுக்கு உதவுவது மாணவனின் பொறுப்பு. வாடகை விளம்பரங்களைப் படிக்க வேண்டும். தொலைபேசிச் செய்திகளைக் கேட்க வேண்டும். நகரின் வரைபடத்தைப் பார்த்து, வீடுகளுக்குட் சென்று அறைகளை ஆராய வேண்டும். மாணவனின் தெரிவுக்கேற்பக் கதையின் முடிவும் மாறும். கதை மாந்தர் பிரெஞ்சுக்காரரின் இயல்பான வேகத்திலேயே பேசுவர். விளங்காதவிடத்து மீண்டும் மீண்டும் கேட்கலாம்.

இங்கு 'வாடகை' என்ற சொல்லை மாணவன் பரீட்சைக்காக மனனஞ் செய்யவில்லை. அச்சொல் விளங்காவிடின் பிலிப்புக்கு வீடு கிடையாது; ஆதலால் அவன் அதை அறிந்துகொள்கிறான். விளையாட்டின் சிறப்பு இதுவே. தேவை முன்னே வருகின்றது. சொல் பின்னே வருகின்றது. குழந்தை தாய்மொழியைக் கற்பதும் இம்முறையிலன்றோ! அன்றியும், விளையாட்டில் தோற்றவனை எவரும் நகைப்பதில்லை. அவன் மறுபடியும் ஆடத் தொடங்குகிறான். பிழை அவமானமாகாமல், அடுத்த முயற்சிக்கு வழிகாட்டியாகிறது. ஜேம்ஸ் போல் ஜீ என்னும் அமெரிக்க மொழியியலறிஞர் 2003இல் வெளியிட்ட தமது நூலில், நல்ல விளையாட்டுக்களில் நல்ல கற்றல் நெறிகள் பொதிந்துள்ளன என்பதை விரிவாக எடுத்துக்காட்டினார்.

சொற்களை மறவாதிருப்பதற்கும் புதிய கருவிகள் உதவுகின்றன. கற்றதில் பெரும்பகுதியைக் கற்ற சிறிது நேரத்திலேயே மறந்துவிடுகிறோம் என்பதை எபிங்கவுஸ் என்னும் ஜேர்மனிய அறிஞர் 1885இல் வெளியிட்டார். லைட்னர் என்பவர், தெரிந்த சொல்லை நாட்கழித்தும் தெரியாத சொல்லை அடிக்கடியும் மீட்டும் அட்டைப்பெட்டி முறையை 1972இல் விளக்கினார். 2012இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட 'டுவோலிங்கோ' போன்ற கைத்தொலைபேசிச் செயலிகள், இத்தகைய மீட்டலைப் புள்ளிகளும் படிநிலைகளும் கொண்ட விளையாட்டாக்கியுள்ளன.

எனினும், குறைகளை மறைத்தலாகாது. புள்ளி சேர்ப்பதே நோக்கமாகிவிட்டால் மொழி பின்தங்கிவிடும். படங்களைப் பார்த்தே பொத்தானை அழுத்தி, ஒரு வாக்கியமும் படியாமல் வெற்றி பெறும் மாணவரும் உளர். போர் விளையாட்டுக்களிற் பழகும் சொற்கள் கடைத்தெருவிலோ மருத்துவமனையிலோ உதவமாட்டா. முகமறியாதோருடன் இணையத்தில் உரையாடும்போது நேரக்கூடிய தீங்குகளையும் பெற்றோர் மறத்தலாகாது.

ஆகவே ஆசிரியர் வேண்டாதவராகிவிடவில்லை; அவர் பணி மாறுகின்றது, அவ்வளவே. ஒரே கணினி உள்ள பாடசாலையிலும் இதனைச் செய்யலாம். மூவர் மூவராக மாணவரை அமர்த்துக. ஒருவன் திரையைக் காணாது கருவியை இயக்கட்டும்; மற்றொருவன் திரையிலுள்ளதைக் கற்கும் மொழியிலேயே அவனுக்குச் சொல்லட்டும்; மூன்றாமவன் புதிய சொற்களைக் குறித்துக்கொள்ளட்டும். ஆட்டம் முடிந்ததும், நடந்ததை அம்மொழியிலேயே வகுப்புக்கு அவர்கள் எடுத்துரைக்க வேண்டும். எந்த வழியைத் தெரிந்தார்கள், ஏன் தெரிந்தார்கள், எங்கே தவறினார்கள் என்று மற்றவர் வினவ வேண்டும். இந்த உரையாடலே பாடம். விளையாட்டு அதற்குத் தோற்றுவாய்.

வீட்டிலும் பெற்றோர், "எத்தனை புள்ளி பெற்றாய்?" என்று கேட்பதை விடுத்து, "இன்று கற்றதைச் சொல்லிக் காட்டு" என்று கேட்பாராக. பிள்ளை தடுமாறினால் நகையாது பொறுத்திருப்பாராக. இயந்திரம் பிழையைப் பொறுக்கின்றது. மனிதராகிய நாமும் அப்பொறுமையைக் கைக்கொண்டால், திரையின்முன் பெற்ற துணிவு மனிதர்முன்னும் நிலைக்கும். மொழி கற்பது மனிதரோடு பேசுவதற்கே.