லேப்டாப்: இங்கே வாங்குவதா, போய் வாங்குவதா?

ஜூலை பிறந்துவிட்டால் மயிலாப்பூர், அடையாறு வீடுகள் பலவற்றில் கூடத்து நடுவே பெரிய பெட்டி இரண்டு வாய் பிளந்து கிடக்கும். ஒரு பெட்டிக்கு 23 கிலோதான் என்று கொக்கித் தராசில் மாட்டித் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். குக்கர், ரசப்பொடி, போர்வை எல்லாம் முடிவாகிவிடும். கடைசிவரை இழுப்பது லேப்டாப். “அங்கே பாதி விலைடா, வெறுங்கையோட வா” என்று நியூ ஜெர்சி சித்தப்பா வாட்ஸ்அப்பில் சொல்வார். “போய் இறங்கினதும் கடை தேடிண்டிருப்பானா?” என்பார் அம்மா. மேற்படிப்புக்குப் போகிற பிள்ளை இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டு போனைப் பார்த்தபடி இருப்பான்.

சித்தப்பா போன காலத்தில் பாதி விலையாகவே இருந்திருக்கலாம். இன்றைய கணக்கு வேறு. 2025 மார்ச்சில் வந்த எம்4 மேக்புக் ஏரை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் அறிமுக விலை 99,900 ரூபாய்; 18 சதவீத ஜிஎஸ்டி அதற்குள் அடக்கம். அமெரிக்காவில் 999 டாலர். அதே வருடம் டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. 90 என்றே வைத்துப் பெருக்கினால் 89,910 ரூபாய். பத்தாயிரம் மிச்சம் போலத்தான் தெரியும். ஆனால் அமெரிக்கக் கடையில் ஒட்டியிருக்கும் விலையில் வரி கிடையாது, பில் போடும்போதுதான் சேர்ப்பார்கள். டாலஸிலோ ஹூஸ்டனிலோ 8.25 சதவீதம். 999 டாலர் 1,081 ஆகிவிடும். நம் கணக்கில் சுமார் 97,300 ரூபாய். அதையும் அப்பாவின் இந்திய கிரெடிட் கார்டில் தேய்த்தால், அந்நியச் செலாவணிக் கட்டணமாகப் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை பிடிக்கும். லட்சத்தைத் தாண்டியாயிற்று. மாணவர் சலுகை விலை இரண்டு நாட்டிலும் உண்டு என்பதால் (அந்த ஏருக்கு அறிமுகத்தின்போது அங்கே 899 டாலர், இங்கே 89,900 ரூபாய்) அதிலும் கணக்கு பெரிதாக மாறாது.

எந்த மாநிலத்துக்குப் போகிறோம் என்பதும் இதில் இருக்கிறது. ஓரிகன், டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர், மொன்டானாவில் விற்பனை வரியே கிடையாது. ஃபுளோரிடாவில் ஆகஸ்ட் மாதம் 1,500 டாலர் வரையிலான கணினிகளுக்கு வரிவிலக்கு. அங்கே சேருகிறவர்கள் சித்தப்பா பேச்சைக் கேட்கலாம்.

ஐரோப்பா போகிறவர்களுக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். அதே மேக்புக்கின் அறிமுக விலை ஜெர்மனியில் 1,199 யூரோ, பிரிட்டனில் 999 பவுண்டு. யூரோவை 100 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 1,19,900 ஆகிறது. ஜெர்மனியில் வாட் வரி 19 சதவீதம், பிரிட்டனில் 20. இரண்டும் விலைக்குள்ளேயே இருக்கும். மியூனிக்கோ மான்செஸ்டரோ, தி. நகரிலேயே வாங்கிக்கொண்டு போவதுதான் லாபம். ஜெர்மனிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே விற்கும் லேப்டாப்பின் விசைப்பலகையில் ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இசட் இருக்கும், இசட் இடத்தில் ஒய். நிறுத்தற்குறிகளும் இடம் மாறியிருக்கும். பள்ளியிலிருந்து ஒரே மாதிரி தட்டிப் பழகிய விரல், தீசிஸ் எழுதும் அவசரத்தில் அதற்குப் பழகாது.

அமெரிக்காவில் உண்மையிலேயே மலிவு என்றால் அது விண்டோஸ் லேப்டாப்தான், குறிப்பாகத் தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கனமான மாடல்கள். ஆகஸ்டில் கல்லூரி திறக்கும் நேரத்திலும், நவம்பர் நான்காவது வியாழனுக்கு மறுநாள் வரும் பிளாக் ஃப்ரைடே சமயத்திலும் விலை நன்றாக இறங்கும். விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அங்குள்ள திருப்பிக் கொடுக்கும் உரிமை. பெஸ்ட் பை கடையில் சாதாரணமாக 15 நாள், காஸ்ட்கோவில் உறுப்பினர்களுக்கு 90 நாள். பெட்டியைப் பிரித்து, ஒரு வாரம் தட்டிப் பார்த்துவிட்டு, ஒத்துவரவில்லை என்று திருப்பித் தரலாம். இங்கே உஸ்மான் சாலையில் சீல் பிரித்த லேப்டாப்பைக் கொண்டுபோய் “பிடிக்கவில்லை” என்று சொல்லிப் பாருங்கள்!

இந்த விலைப் பேச்சில் எல்லோரும் மறந்துவிடுவது முதல் மாதத்தை. போய் இறங்கியதும் வங்கிக் கணக்கு திறந்திருக்காது. பார்சல் வர நிலையான முகவரி இருக்காது. சீனியர் வீட்டுச் சோபாவில் படுத்திருப்பார்கள். ஆனால் பாடத் தேர்வு, வீட்டு வாடகை ஒப்பந்தம், பல்கலைக்கழக மின்னஞ்சல், முதல் அசைன்மென்ட் எல்லாம் முதல் இரண்டு வாரத்திலேயே வந்து நிற்கும். போனை வைத்துச் சமாளிக்கிறேன் என்பது முடியாத காரியம். ஆகவே கையில் ஓடுகிற லேப்டாப் ஒன்று இல்லாமல் விமானம் ஏறக் கூடாது. புதிதா பழையதா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

பழையதே ஓடினால்? ரிச்சி தெருவில் கொடுத்து, எஸ்எஸ்டி போட்டு, பாட்டரி மாற்றினால் இன்னும் ஒரு செமஸ்டர் தள்ளலாம். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொள்வதால் ராம், எஸ்எஸ்டி விலை ஏறியிருக்கிறது என்பது ஒரு சங்கடம். இன்னொன்று, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 11 ஏறாத பழைய மெஷினை நம்பி இரண்டு வருடப் படிப்புக்குப் போகாதீர்கள். விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் போதும் என்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: ஆன்லைன் தேர்வுக்குப் பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் லாக்டவுன் பிரவுசர் லினக்ஸில் ஓடாது.

வாரன்டி என்பது நாட்டுக்கு நாடு மாறுகிற சமாசாரம். மேக் கணினிகளுக்கு ஓராண்டு வாரன்டி பொதுவாக வெளிநாட்டிலும் செல்லும். லெனோவோவில் திங்க்பேட் வரிசையில் பெரும்பாலும் சர்வதேச வாரன்டி இருக்கும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றுக்கு வாங்கிய நாட்டோடு சரி. டெல்லில் சர்வீஸ் டேக்கை வேறு நாட்டுக்கு மாற்றித் தரக் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. “இன்டர்நேஷனல் வாரன்டி சார், கவலையே வேணாம்” என்று கவுன்டரில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பெட்டி மேல் சீரியல் எண் அச்சிட்டிருக்கும். பணம் கட்டும் முன் அதையும் மாடல் பெயரையும் வைத்து, நிறுவனத்தின் வலைத்தளத்தில் பார்த்துவிட வேண்டும். கடை தன் பெயரில் விற்கும் ‘எக்ஸ்டென்டட் வாரன்டி’ மீனம்பாக்கத்தைத் தாண்டினால் வெறும் காகிதம், தள்ளிவிடுங்கள்.

பில் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. அப்பாவுக்குச் சொந்தத் தொழில் இருந்தால் கம்பெனி ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டு, 18 சதவீதத்தை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்வது. தொழிலுக்குப் பயன்படும் பொருளுக்குத்தான் அந்தக் கிரெடிட். பாஸ்டனில் பையன் படிக்கிற லேப்டாப்புக்கு அது பொருந்தாது. வாரன்டி கேட்கும்போது பில்லில் இருக்கும் பெயர் வேறு, கையில் வைத்திருப்பவர் வேறு என்கிற தகராறும் சேரும். பில் பிள்ளை பெயரிலேயே இருக்கட்டும். கல்விக் கடன் எடுத்திருந்தால், படிப்புக்குத் தேவையான கணினியை நியாயமான விலையில் கடனுக்குள் சேர்க்க வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. கிளையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிய பயம் இன்னமும் போகவில்லை. “அங்கே 120 வோல்ட்டாமே, எரிஞ்சு போயிடாதா?” என்று கேட்டு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியவர்கள் உண்டு. சார்ஜர் கட்டியைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் ‘இன்புட் 100–240 வோல்ட், 50–60 ஹெர்ட்ஸ்’ என்று இருக்கும். எந்த நாட்டிலும் ஓடும். மாற வேண்டியது சுவரில் செருகும் ஒயர் மட்டும்தான். நம் ஊர் உருண்டை மூன்று பின் ஒயர் கட்டியிலிருந்து கழன்று வரும். அமெரிக்கத் தட்டைப் பின் ஒயர் ஒன்றை அங்கே வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. முதல் நாளைக்கு மட்டும் ஒரு பயண அடாப்டர் போதும்.

ஆபீஸ் மென்பொருளுக்கு இங்கே காசு செலவழிக்க வேண்டாம். பல பல்கலைக்கழகங்கள் மைக்ரோசாஃப்ட் 365, மேட்லேப் போன்றவற்றை மாணவர்களுக்கு இலவசமாகவே தருகின்றன. கடைக்காரர் அன்போடு சும்மா ஏற்றித் தரும் திருட்டுப் பிரதியோடு வளாக வலைப்பின்னலில் நுழைவது வம்பு. மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகள் மேக் வாங்கும் முன் துறையின் பக்கத்தைப் படிக்கவும். சாலிட்வொர்க்ஸுக்கு விண்டோஸ் வேண்டும்.

லேப்டாப் போக வேண்டியது கைப்பையில். எமிரேட்ஸ் சாதா வகுப்பில் கைப்பைக்கு 7 கிலோ. கேமிங் லேப்டாப்பும் அதன் செங்கல் சைஸ் சார்ஜரும் அதில் பாதியைச் சாப்பிட்டுவிடும். தனி பாட்டரி, பவர் பேங்க் இரண்டையும் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. திரும்பி வரும்போது 18 வயது நிரம்பிய பயணி ஒருவருக்கு ஒரு லேப்டாப் சுங்க வரியில்லாமல் அனுமதி. அதனால் அங்கிருந்து லீவுக்கு வரும் அத்தையிடம் ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கலாம். அத்தை தன் சொந்த லேப்டாப்பையும் கொண்டுவந்தால் அது அந்த ஒன்றில் கழியுமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எப்போது வாங்குவது? விசா பாஸ்போர்ட்டில் ஏறிய பிறகு. 2025 மே கடைசியில் அமெரிக்கா மாணவர் விசாவுக்குப் புது நேர்காணல் தேதி கொடுப்பதை நிறுத்தி, ஜூன் நடுவில்தான் மறுபடி தொடங்கியது. ஜெமினி மேம்பாலத்தருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தேதி கிடைக்காமல் தவித்த வீடுகளுக்கு அது தெரியும். இங்கேயே இருக்க நேர்ந்தாலும் லேப்டாப் வீணாகாது, உண்மைதான். ஆனால் இங்கே ஒரு வருடம் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு ஒன்றரை லட்ச ரூபாய் மெஷின் தேவைப்படாது. அதே சமயம் விமானத்துக்கு முதல் நாளும் வாங்கக் கூடாது. கோளாறு இருந்தால் பெரும்பாலும் முதல் சில வாரத்திலேயே தலைகாட்டும். மூன்று வாரம் முன்னால் வாங்கி, தினமும் போட்டு ஓட்டி, ஏதாவது தகராறு செய்தால் இங்கேயே சர்வீஸ் சென்டரில் கொடுத்து மாற்றிக்கொண்டு, அட்டைப்பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு பில்லை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.