டேட்டாபேஸ் வேலையும் ஞாயிற்றுக்கிழமை இட்லியும்

"பிள்ளையின் படிப்புக்காகத்தான் கம்ப்யூட்டர் வாங்கினோம்" என்று சொல்லும் பெற்றோர் பலர் அடுத்து என்னிடம் கேட்பது இதுதான்: "டேட்டாபேஸ் படித்தால் நல்ல வேலை கிடைக்கும் என்கிறார்களே, படிக்க வைக்கலாமா? அந்த வேலை எப்படி சார் இருக்கும்?"

சம்பளத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிடுவார்கள். தூக்கம், சாப்பாடு, வீடு இவற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை. தரமணியில் பல ஆண்டுகளாக டேட்டாபேஸ் நிர்வாகியாக வேலை பார்த்து வருபவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

முதலில் இந்த டேட்டாபேஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ரயில் டிக்கெட் முன்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். மாம்பலத்தில் ஒருவரும் மதுரையில் ஒருவரும் ஒரே நொடியில் ஒரே லோயர் பெர்த்தைக் கேட்கிறார்கள். இருவருக்கும் கொடுத்துவிட்டால் ரயிலில் சண்டைதான். ஒருவருக்குக் கொடுத்து, அது முடியும்வரை மற்றவரைக் காக்க வைத்து, பிறகு "இல்லை" என்று சொல்ல வேண்டும். நடுவில் மின்சாரம் போனாலும் பணம் ஒரு பக்கமும் டிக்கெட் இன்னொரு பக்கமுமாகத் தொங்கக்கூடாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்தான் டேட்டாபேஸ். தகவல்களை அட்டவணைகளாக அடுக்கி வைக்கும் இன்றைய முறைக்கு வழி வகுத்தது, ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட ஒரு கட்டுரை. ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

அந்த மென்பொருளுக்குக் காவல்காரர்தான் டி.பி.ஏ. எனப்படும் நிர்வாகி. மற்றவர்கள் வேலை செய்யாத நேரத்தில்தான் அவர் வேலை செய்ய முடியும் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. ரயில்வேயின் இணையதளத்தில் நள்ளிரவை ஒட்டிச் சிறிது நேரம் முன்பதிவு செய்ய முடியாது, கவனித்திருப்பீர்கள். பராமரிப்பு வேலைகளுக்கென்று ஒதுக்கிய நேரம் அது.

அவர்களுடைய சனி, நம்முடைய ஞாயிறு

டைடல் பார்க் 2000ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்ட பிறகு தரமணி பக்கம் கண்ணாடிக் கட்டிடங்கள் பெருகின. அவற்றில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கானது. நியூயார்க்கில் சனிக்கிழமை இரவு பத்து மணிக்குச் சர்வரை நிறுத்திப் புதுப்பிக்க வேண்டும் என்பார்கள். அங்கே அது விடுமுறை இரவு. நமக்கு ஞாயிறு காலை ஏழரை மணி. கலிஃபோர்னியா வாடிக்கையாளராக இருந்தால் பத்தரை. எப்படிப் பார்த்தாலும் ஞாயிறு போச்சு!

என் வீடு வேளச்சேரியில். தரமணிக்குப் பறக்கும் ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். திருவான்மியூரிலிருந்து வேளச்சேரி வரையிலான இந்தப் பாதை 2007 நவம்பரில் திறந்தபோது, ஏதோ எனக்காகவே போட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் பின்னிரவில் ரயில் கிடையாதே! இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் பைக்தான். இப்போது மெட்ரோ வேலை நடப்பதால் பழைய மாமல்லபுரம் சாலையில் பகலில் பத்து நிமிட தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்காதீர்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, பல அலுவலகக் கம்ப்யூட்டர்கள் ஊழியர்களின் வீட்டுக்கே வந்து இறங்கிய பிறகு இந்த நள்ளிரவு பைக் பயணம் குறைந்தது. பதிலுக்கு அலுவலகமே படுக்கையறைக்குள் வந்துவிட்டது. இதில் எது தேவலை என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

தூக்கக் கலக்கத்தில் ஒரு கட்டளை

உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். கண் எரிச்சலும் முதுகு வலியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் எல்லோருக்கும் உள்ளவை. உங்கள் வீட்டிலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பார்க்கப் பழகுங்கள், பிள்ளைகளையும் பழக்குங்கள். இரவு வேலை இதைவிடப் பெரிய விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவுப் பணியைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் 2007இல் சேர்த்தது. 2019இல் மீண்டும் ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. அதோடு இரவு ஒரு மணிக்குப் பரோட்டாவும் டீயும் சேர்ந்தால் வயிறு என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

உடல் அசந்தால் வேலையும் கெடும். கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்ததை டி.பி.ஏ.க்கள் இன்றும் பேசுவார்கள். வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் ஒரு பிரச்சினை வந்து, ஊழியர் ஒருவர் இரவு வெகுநேரம் போராடிக்கொண்டிருந்தார். துணைச் சர்வரில் அழிக்க வேண்டிய ஃபோல்டரைத் தவறுதலாக முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தகவலில் 4.5 ஜிபிதான் மிச்சம் இருந்தது. பேக்கப் இருக்குமே என்று தேடினால், எடுக்கப்பட்டு வந்ததாக எல்லோரும் நம்பிய பேக்கப்புகள் சத்தமில்லாமல் பழுதாகிக் கிடந்தன. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த நிறுவனம் எதையும் மறைக்காமல், மீட்புப் பணியை யூடியூபிலேயே நேரடியாகக் காட்டியது. நான் அதை வீட்டில் உட்கார்ந்து கைநடுக்கத்தோடு படித்தேன். அது நானாக இருந்திருக்கலாம்.

அன்று முதல் எங்கள் குழுவில் ஒரு வழக்கம். நள்ளிரவுக்கு மேல் எதையும் அழிக்கும் கட்டளையை ஒருவர் தனியாகக் கொடுப்பதில்லை. இன்னொருவர் போனிலாவது திரையைப் பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டும்.

2015 டிசம்பர்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

2015 டிசம்பர் முதல் தேதி விடாத மழை. அடையாறு கரைபுரண்டது. தரமணி, வேளச்சேரி எங்கும் தண்ணீர். மின்சாரமும் இல்லை, பல இடங்களில் செல்போனும் வேலை செய்யவில்லை. பல ஐடி நிறுவனங்கள் ஊழியர்களை வெளியூர்களுக்கு அனுப்பி வேலையைத் தொடர்ந்தன. எங்கள் வாடிக்கையாளரின் மாற்று டேட்டாபேஸைப் பெங்களூரிலிருந்து கவனிக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் போனேன்.

கிளம்பும்போது வாசல்படியைத் தண்ணீர் தொடவில்லை. அன்றிரவு வீட்டுக்குள் இடுப்பளவு வந்துவிட்டது. அம்மாவையும் கைக்குழந்தையையும் மாடி வீட்டுக்காரர் உதவியோடு மேலே ஏற்றியது என் மனைவி. இரண்டு நாள் போனில் கிடைக்கவில்லை. பெங்களூரில் குளிர்பதன அறையில் உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய தகவல் ஒரு வரிகூட இழப்பில்லாமல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாராட்டிக் கடிதம்கூட வந்தது. திரும்பி வந்தபோது மனைவி கேட்டது ஒரே கேள்வி: "அங்கே உங்களைத் தவிர வேறு ஆளே இல்லையா?" இருந்தார்கள். நான் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மேஜைக்கு அடியில் தரையில் வைத்திருந்த எங்கள் கம்ப்யூட்டரும் மூழ்கியிருந்தது. அப்பாவுக்கு 2009இல் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்து வைத்தோம். அந்தப் போட்டோக்கள் முழுவதும் அந்த ஹார்ட் டிஸ்க்கில். அப்பா 2013இல் காலமாகிவிட்டார். அலுவலகத் தகவலுக்கு மூன்று நகல் வைத்திருந்த நான், வீட்டுப் போட்டோக்களுக்கு ஒரு நகல்கூட வைக்கவில்லை. சேறு புகுந்த டிஸ்க்கைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தும் பயனில்லை. கும்பகோணத்தில் சித்தப்பா வீட்டு அலமாரியில், விசேஷம் முடிந்த கையோடு நான் எரித்துக் கொடுத்த ஒரு சிடி இருந்தது. அதில் நாற்பத்தி இரண்டு படங்கள் இருந்தன. எடுத்தவை ஐந்நூறுக்கு மேல்.

எனவே, புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் வாசகர்களே, தயவுசெய்து இதைச் செய்துவிடுங்கள். வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிச் செருகுங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் கண்ட்ரோல் பேனலில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்று இருக்கும். அதைத் திறந்து 'டர்ன் ஆன்' கிளிக் செய்தால், டிஸ்க் செருகியிருக்கும்போதெல்லாம் உங்கள் படங்களையும் கோப்புகளையும் தானாகவே நகலெடுக்கும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு போட்டோவை வேறு ஃபோல்டருக்கு மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப். இன்னொரு நகல் வேறு ஊரில் உறவினர் வீட்டில் இருக்கட்டும். சிபியூவைத் தரையில் வைக்காதீர்கள்.

சரி, படிக்க வைக்கலாமா?

வைக்கலாம். பேக்கப் எடுப்பது, இடம் கூட்டுவது போன்ற அன்றாட வேலைகளை இப்போது கிளவுட் சேவைகள் தாமே செய்துகொள்கின்றன. தன்னைத் தானே நிர்வகிக்கும் டேட்டாபேஸை ஆரக்கிள் 2017இல் அறிவித்தபோது எங்கள் கேண்டீனில் இரண்டு நாள் அதே பேச்சுதான். வேலை போய்விடவில்லை; மாறியிருக்கிறது. மெதுவாக ஓடும் கேள்விக்குக் காரணம் கண்டுபிடிக்கவும், எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்யவும் ஆள் தேவைப்படுகிறார்கள். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் இலவசம். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பழகலாம். ஆனால் நேர்முகத் தேர்வில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் "மாதத்தில் எத்தனை வாரம் இரவு அழைப்பு வரும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் இப்போது ஐந்து பேர். முறை வைத்து ஐந்து வாரத்துக்கு ஒரு வாரம்தான் என் போன் தலைமாட்டில் இருக்கும். மற்ற வாரங்களில் அது ஹாலில் சார்ஜரோடு கிடக்கும். இதை முதலில் கேட்டு வாங்கியவர் குழுவிலேயே இளையவர். நாங்கள் மூத்தவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

என் முறை வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழரைக்கு லேப்டாப்பைத் திறந்தாக வேண்டும். ஆறரைக்கே அடுப்பு மூட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. முந்தைய நாள் மாவில் நானே நான்கு இட்லி ஊற்றிக்கொள்கிறேன். நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அதே வேலை நமக்கு எட்டரை மணிக்கு. மார்ச் வரை எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டே லேப்டாப்பைத் திறக்கலாம்.