கேமராவுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இன்டர்நெட் பார்க்கிறோம், பாட்டு கேட்கிறோம், லெட்டர் டைப் செய்கிறோம். இதைத் தவிர இந்தப் பெட்டி வேறு எதற்கு சார் உதவும்?" இந்த மாதம் அதற்குக் கொஞ்சம் வித்தியாசமான பதில் சொல்கிறேன். தயாரிப்பை நிறுத்திப் பல வருடங்கள் ஆன ஒரு பிலிம் கேமராவை என் கம்ப்யூட்டரை வைத்துத்தான் பரிசோதித்தேன்.

கேமராவின் பெயர் கேனான் ஏஇ-1. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா 1981-ல் அப்பாவுக்கு வாங்கி வந்தது. எங்கள் வீட்டு ஆல்பங்களில் பாதி இதில் எடுத்தவைதான். டிஜிட்டல் கேமரா வந்த பிறகு பீரோவுக்குள் போனது. பல வருடம் கழித்து எடுத்தபோது ஷட்டர் பட்டனை அழுத்தினால் அசையவே இல்லை. ஒரு ரிப்பேர் கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதுக்குள்ள இருக்குற எலக்ட்ரானிக்ஸ் போயிடுச்சு சார். இனிமே ஷோகேஸ்லதான் வைக்கணும்" என்றார்கள்.

எலக்ட்ரானிக்ஸ் என்று அவர்கள் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1976 ஏப்ரலில் வெளிவந்த ஏஇ-1தான் மைக்ரோபிராசஸர் பொருத்தப்பட்ட முதல் எஸ்.எல்.ஆர். கேமரா. அதே மாதம்தான் அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனியும் தொடங்கப்பட்டது. வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே பலர் வீட்டில் கேமராவுக்குள் ஒளிந்துகொண்டு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று சொல்லலாம். ஷட்டர் வேகத்தை நாம் திருகி வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சிலிக்கான் போட்டோ செல் வெளிச்சத்தை அளக்கும். பிலிமின் வேகம், ஷட்டர் வேகம் இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, லென்ஸின் துவாரம் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைச் சில்லு முடிவு செய்யும். வியூ ஃபைண்டரில் ஒரு முள் அந்த எண்ணைக் காட்டும். இந்த மாடல் 1984 வரை தயாரானது.

முதலில் பேட்டரி

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் முதலில் என்ன பார்ப்போம்? பிளக் செருகி இருக்கிறதா என்று. இங்கும் அதேதான். பழைய மெக்கானிக்கல் கேமராக்கள் பேட்டரி இல்லாமலும் படம் எடுக்கும். ஏஇ-1 எடுக்காது. இதில் ஷட்டரை விடுவிப்பதே ஒரு மின்காந்தம். பேட்டரி செத்தால் கேமரா கல்தான்.

தேவைப்படுவது 4எல்ஆர்44 என்ற 6 வோல்ட் பேட்டரி. இன்றும் கிடைக்கிறது. (வெளிநாடுகளில் நாய்களுக்குக் கட்டும் எலக்ட்ரானிக் பட்டைகளில் இதே பேட்டரியைப் போடுகிறார்கள். நாய்களின் புண்ணியத்தில் நம் கேமரா ஓடுகிறது!) பேட்டரி மூடியைத் திறப்பதில்தான் கவனம் வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக். பலருடைய கேமராவில் இது உடைந்துபோய்ச் செலோடேப் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். கேமராவின் தலையில், ஃபிளாஷ் பொருத்தும் இடத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தகடு செருகியிருக்கும். மூடியைத் திறக்க அதையே பயன்படுத்தலாம்.

என் கேமராவில் பழைய பேட்டரி கசிந்து, உள்ளே இருந்த தகட்டில் பச்சை பூத்திருந்தது. காது குடையும் பஞ்சில் இரண்டு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்தேன். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு இன்னொரு முறை. நன்றாகக் காய்ந்ததும் புதுப் பேட்டரி. மேலே உள்ள பேட்டரி செக் பட்டனை அழுத்தினால் வியூ ஃபைண்டர் முள் 5.6 என்ற எண்ணுக்கு அருகிலோ கீழேயோ வந்து நிற்க வேண்டும். கீழே இறங்கி நின்றது. ஷட்டரை அழுத்தினேன். விழுந்தது! போய்விட்டது என்று சொன்ன எலக்ட்ரானிக்ஸுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

கீச்சுக் குரல்

ஆனால் ஷட்டர் விழும்போது கூடவே ஒரு கீச்சுச் சத்தமும் வந்தது. ஆஸ்துமாக்காரர் மூச்சு விடுவது போல. ஏஇ-1 வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமான சத்தம் இது. உள்ளே இருக்கும் கண்ணாடியை மேலே தூக்கும் பல்சக்கரங்களில் ஒன்று எண்ணெய் வற்றிக் கதறுகிறது. அப்படியே விட்டால் கண்ணாடி நாளடைவில் மந்தமாகும்.

மருந்து, வாட்ச் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும் மெல்லிய எண்ணெய். ஒரே ஒரு துளி. தேங்காய் எண்ணெய், கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் கூடவே கூடாது. அவை ஓடிப் பரவும். மின்காந்தத்தின் முகத்தில் எண்ணெய் பட்டால் ஷட்டர் ஒட்டிக்கொள்ளும். ஷட்டர் திரையில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

அடித்தகட்டைக் கழற்ற வேண்டும். கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறக்க வைத்திருக்கும் நட்சத்திர ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். நான் அப்படித்தான் இறங்கினேன், ஒரு ஸ்க்ரூவின் தலை வழுக்கிப் போனது. ஜப்பான் கேமராக்களில் இருப்பது ஜே.ஐ.எஸ். என்ற அவர்கள் அளவு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் நம் ஸ்க்ரூடிரைவர் அந்தக் குழியில் முழுதாக உட்காராது. ஜே.ஐ.எஸ். முனை உள்ளதை வாங்கிய பிறகே மறுபடி தொட்டேன்.

ஒவ்வொரு ஸ்க்ரூவைக் கழற்றும் முன்பும் செல்போனில் ஒரு படம் எடுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் போட்டு அந்தப் படங்களுக்கு 01, 02 என்று வரிசையாகப் பெயர் கொடுங்கள். திருப்பி மாட்டும்போது கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கி வந்தால் போதும். ஸ்க்ரூக்களை இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாகப் போட்டேன். வீட்டில் திட்டு விழுந்தது, ஆனால் ஒரு ஸ்க்ரூகூடத் தொலையவில்லை.

மருந்துக் கடையில் வாங்கிய சிரிஞ்சின் நீளமான ஊசியைச் சற்று வளைத்து, கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் மேல்நோக்கி விட்டு, அந்தப் பல்சக்கரத்தின் அச்சில் ஒரு துளி வைத்தேன். இருபது முறை ஷட்டரை இயக்கியதும் கீச்சு அடங்கியது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஏஇ-1ல் உள்ளுக்குள் ஃபிளாஷ் கிடையாது, அதனால் தைரியமாகத் திறக்கலாம். ஃபிளாஷ் சேர்ந்தே வரும் சின்னக் கேமராக்களை வீட்டில் திறக்காதீர்கள். பேட்டரியை எடுத்த பிறகும் அவற்றின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

வீணான 36 படங்கள்

சத்தம் நின்ற சந்தோஷத்தில் ஒரு தவறு செய்தேன். அந்த வாரம் பெரியம்மாவும் இரண்டு சித்திகளும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அம்மாவோடு சேர்த்து நான்கு பேரும் ஒரே வீட்டில் தங்கியது வெகு நாளைக்குப் பிறகு. அப்பாவின் கேமராவிலேயே எடுக்கலாம் என்று 36 படப் பிலிம் ஒன்றைப் போட்டு முழுவதும் எடுத்தேன். செல்போனில் ஒன்றுகூட எடுக்கவில்லை.

லேபிலிருந்து வந்த படங்களில் எல்லாவற்றிலும் ஓரத்தில் ஆரஞ்சு நிறத் தீக்கொழுந்து. பலவற்றில் அது முகத்தின் மேலேயே படர்ந்திருந்தது. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "பரவால்ல விடு, இன்னொரு தடவை எடுத்துக்கலாம்" என்றார். பெரியம்மாவுக்கு இனி அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

குற்றவாளி, பின்கதவின் பள்ளங்களில் ஒட்டியிருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச். வெளிச்சம் புகாமல் அடைப்பதுதான் அதன் வேலை. வயதானால் அது தார் போல இளகி, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். கேமராவைத் திறந்தவுடன் முதலில் விரல் வைத்துப் பார்த்திருக்க வேண்டிய இடம் அதுதான். எலக்ட்ரானிக்ஸ், எண்ணெய் என்று பெரிய விஷயங்களைத் தேடிப் போனவன் இதை விட்டுவிட்டேன்.

பழைய ஸ்பாஞ்சைப் பல்குத்தும் குச்சியாலும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலாலும் சுரண்டி எடுக்க ஒரு முழு மாலை ஆனது. துகள்கள் ஷட்டர் திரை மேல் விழாமல் கேமராவைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். திரை மெல்லிய துணியால் ஆனது, விரல் படக்கூடாது. தூசு போகட்டும் என்று கம்ப்யூட்டர் சுத்தம் செய்யும் புளோயரை இதற்குள் அடித்துவிடாதீர்கள். லென்ஸுக்குப் பின்னால் உள்ள கண்ணாடியையும் துணியால் துடைக்கக் கூடாது. அதன் ரசம் முன்பக்கம் பூசப்பட்டது, துடைத்தால் ரசமே போய்விடும். தூசு இருந்தால் இருக்கட்டும், அது படத்தில் விழாது.

பள்ளங்களுக்குக் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டினேன். கீல் பக்கத்துக்கும், கண்ணாடி மேலே போய் முட்டும் இடத்துக்கும் ஒட்டும் பசையுள்ள மெல்லிய கறுப்பு ஃபோம்.

மைக் ஜாக்கில் ஒரு கண்

இன்னொரு ரோல் வீணாகக் கூடாது. ஷட்டர் சொன்ன வேகத்தில்தான் ஓடுகிறதா என்று பிலிம் போடாமலே தெரிந்துகொள்ள வேண்டும். இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது.

உங்கள் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டு ஒரு செகண்டுக்கு 44,100 முறை மைக்கைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது அதற்கு 44 குறிப்புகள். ஷட்டரை அளக்க இது தாராளம். மைக்குக்குப் பதிலாக வெளிச்சத்தை உணரும் ஒரு போட்டோ டயோடை மாட்டினால் போதும்.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் பிபிடபிள்யூ34 என்று கேளுங்கள். அதன் இரண்டு கால்களையும் ஒரு 3.5 மி.மீ. ஆடியோ பின்னின் முனைக்கும் அடிப்பகுதிக்கும் சால்டர் செய்து, கம்ப்யூட்டரின் பிங்க் நிற மைக் ஜாக்கில் செருகுங்கள். லேப்டாப்பில் ஒரே ஜாக்தான் இருக்கிறது என்றால், மைக்குக்குத் தனி ஜாக் உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் ஒன்று வாங்க வேண்டும். விண்டோஸின் சவுண்ட் செட்டிங்ஸில் சத்தத்தைச் சுத்தம் செய்யும் வசதிகள் ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் நம் சிக்னலையே இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும்.

லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து வையுங்கள். முன்னால் ஒரு டார்ச். டியூப் லைட் வேண்டாம், அது நம் கண்ணுக்குத் தெரியாமல் செகண்டுக்கு 100 முறை மினுக்கும். பின்னால், பிலிம் ஓடும் இடத்தில், டயோடு. அதன் முன்னால் ஊசியால் துளையிட்ட கறுப்புத் தாள். ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு ஷட்டரை இயக்குங்கள். அலையில் மேல்நோக்கி ஒரு கூர்முனையும் கீழ்நோக்கி ஒன்றும் தெரியும். ஒன்று திரை திறந்த கணம், மற்றது மூடிய கணம். எதுவுமே வரவில்லை என்றால் இரண்டு வயர்களையும் மாற்றிப் பாருங்கள். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மவுஸ் வீலைச் சுழற்றினால் அலை பெரிதாகும். இரண்டு முனைகளுக்கும் இடைப்பட்ட பகுதியை மவுஸால் செலக்ட் செய்தால் அதன் நீளம் கீழே தெரியும்.

1/60 வேகத்துக்கு 16.7 மில்லி செகண்ட் வர வேண்டும். எனக்கு 17 வந்தது. 1/125க்கு 8 வர வேண்டும், 8.2. 1/500க்கு 2 வர வேண்டும், 2.2. 1/1000க்குத்தான் 1 வர வேண்டிய இடத்தில் 1.4. முதலில் பயந்தேன். பிறகு யோசித்தபோது புரிந்தது. அந்த வேகத்தில் ஷட்டர் முழுவதும் திறப்பதே இல்லை. இரண்டு திரைகளுக்கு நடுவே ஒரு குறுகிய இடைவெளி மட்டும் பிலிமின் குறுக்கே ஓடுகிறது. என் கறுப்புத் தாளின் துளை அகலமாக இருந்ததால், அந்த இடைவெளி துளையைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரமும் கணக்கில் சேர்ந்துவிட்டது. மெல்லிய ஊசியால் வேறு தாளில் துளையிட்டுப் பார்த்தபோது 1.2 வந்தது. கலர் நெகட்டிவ் பிலிம் இந்த அளவு கூடுதல் வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும். டயோடைப் பிலிம் சட்டத்தின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் வைத்து அளந்து பார்க்கவும் மறக்காதீர்கள். இரண்டு எண்களும் வெகுவாக வேறுபட்டால் திரைகள் சமமாக ஓடவில்லை என்று அர்த்தம். அதைச் சரி செய்வது வீட்டு வேலை இல்லை, அனுபவமுள்ள மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், தப்பித்திருந்தது. இப்போது காற்றுப் புகாத சமையலறை டப்பாவில், கம்ப்யூட்டர் பாகங்களோடு வந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சூழக் கேமரா இருக்கிறது. தோல் உறையில் வைக்கவில்லை. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

போன மாதம் அம்மாவையும் சித்திகளையும் காரில் ஏற்றிக்கொண்டு காரைக்குடிக்குப் பெரியம்மா வீட்டுக்கே போய்விட்டேன். முற்றத்தில் நான்கு நாற்காலி. இந்த முறை முதலில் செல்போனில் இரண்டு படம் எடுத்துக்கொண்ட பிறகே ஏஇ-1ஐக் கையில் எடுத்தேன். 36ல் இரண்டு ஃபோகஸ் தவறியவை, ஒன்றில் பெரியம்மா கண்ணை மூடியிருக்கிறார். மற்றவை எல்லாம் சுத்தம். ஓரத்தில் தீக்கொழுந்து எதிலும் இல்லை.