வினவல் மொழியில் நாள், நேர வடிவமைப்பு

தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டுள்ள நாளையும் நேரத்தையும் பயனருக்கு ஏற்ற தோற்றத்தில் காட்டுவது நாள், நேர வடிவமைப்பு எனப்படும். எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழியில் இதற்கெனச் செயற்கூறுகள் உள்ளன. நாளைச் சேமிக்கும் முறை வேறு, காட்டும் முறை வேறு என்பதே இதன் அடிப்படை.

மதிப்பும் தோற்றமும்

சென்னை மெட்ரோவின் கோயம்பேடு–ஆலந்தூர் தடமும் அதிலுள்ள வடபழனி நிலையமும் 2015 ஜூன் 29 அன்று திறக்கப்பட்டன. இந்நாளை 29-06-2015 என்றோ 2015-06-29 என்றோ எழுதலாம். தோற்றம் மாறினாலும் நாள் ஒன்றே. 'டேட்' வகைப் புலத்தில் இட்டால் தரவுத்தளம் இதை நாளாகவே கொள்ளும். வேண்டிய வடிவில் எடுத்துக் காட்டலாம். எழுத்துச் சரமாக இட்டால் வரிசைப்படுத்தும்போது தவறு நேரும். 29-06-2015, 04-12-2023 ஆகிய இரண்டில் பின்னது முதலில் வந்துவிடும். ஏனெனில் சரங்களை ஒப்பிடும்போது இடப்பக்க முதல் இலக்கமே முதலில் பார்க்கப்படுகிறது.

நாளா, மாதமா?

இந்தியாவில் நாளை முதலில் எழுதுவது வழக்கம். அமெரிக்காவில் மாதம் முதலில் வரும். மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பெருமழை பெய்த 04-12-2023 என்ற நாளை அமெரிக்க முறையில் அமைந்த கணினி ஏப்ரல் 12 என்று படிக்கும். டிசம்பர் மழை கோடைக்கணக்கில் சேர்ந்துவிடும். 13 முதல் 31 வரையுள்ள நாள்களுக்குப் பெரும்பாலும் பிழைச்செய்தி வரும், ஏனெனில் பதின்மூன்றாம் மாதம் இல்லை. 1 முதல் 12 வரையுள்ள நாள்களில் பிழை வெளியே தெரியாது. இக்குழப்பத்தைத் தவிர்க்கவே 1988-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 தரம் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை வகுத்தது.

வடிவக் குறியீடுகள்

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 'டேட்_ஃபார்மேட்' செயற்கூறு பயன்படுகிறது. இதில் விழுக்காட்டுக் குறியை அடுத்து வரும் சிறிய 'எம்' மாதத்தின் எண்ணையும், பெரிய 'எம்' மாதத்தின் பெயரையும், 'ஐ' நிமிடத்தையும் தரும். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆகியவற்றில் 'டு_சார்' செயற்கூறு உண்டு. அங்கே 'எம்எம்' மாதத்தையும் 'எம்ஐ' நிமிடத்தையும் குறிக்கும். இவற்றை மாற்றி எழுதினால், ஜூன் மாதத்தில் காலை 10:45 மணி என்பது 10:06 என்று வரும். பார்வைக்கு அதுவும் சரியான நேரம் போலவே இருப்பதால் தவறு எளிதில் அகப்படாது.

நேர வலயம்

பல தரவுத்தளங்களில் நேரம் ஒருங்கிணைந்த சர்வதேச நேரப்படி சேமிக்கப்படுகிறது. இந்திய சீர் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் உள்ளது. டிசம்பர் 4 அதிகாலை 2 மணிக்குச் சென்னையில் பதிவான மழை, வலயத்தை மாற்றாமல் காட்டினால் டிசம்பர் 3 இரவு 8:30 மணி என்று தோன்றும். நேரத்தோடு நாளும் மாறிவிடும்.

பழைய ஆவணங்களைக் கையாள்வோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். இந்திய சீர் நேரம் 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இந்திய ரயில்வே, நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வகத்தை ஒட்டிய மதராஸ் நேரத்தைப் பின்பற்றியது. கணினிகள் பயன்படுத்தும் உலக நேர வலயத் தரவுத்தொகுப்பிலும் இது பதிவாகியுள்ளது. இந்திய வலயத்தில் 1900-ஆம் ஆண்டின் ஒரு நேரத்தைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் காட்டும்போது, வேறுபாடு 5 மணி 21 நிமிடம் 10 நொடி என்று வரும். இது பிழையன்று, அக்கால மதராஸ் நேரமே.

பின்பற்ற வேண்டியவை

நாளை நாள் வகைப் புலத்திலேயே சேமிக்க வேண்டும். உள்ளிடும்போது ஆண்டு, மாதம், நாள் வரிசையைப் பின்பற்ற வேண்டும். நேரத்துடன் வலயத்தையும் குறிக்க வேண்டும். நாள்-மாதம்-ஆண்டு என்ற நமது வழக்கமான வடிவத்தை, திரையிலோ அறிக்கையிலோ காட்டும் கடைசிக் கட்டத்தில் மட்டும் அமைத்தால் போதும்.