ஆன் ஆகாத கம்ப்யூட்டர்: தேடலைச் சுவரிலிருந்து தொடங்குங்கள்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று சர்வீஸ் கடைக்கு போன் செய்தால், அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கேட்பது, “ஃபேன் சுத்துதா சார், சுத்தலையா?” என்பதுதான். அதற்குச் சரியான பதில் சொன்னாலே பாதித் தேடல் முடிந்துவிடும். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகக் கிடக்கிறது என்றால் மின்சாரம் உள்ளே போய்விட்டது. கோளாறு பெரும்பாலும் ராமிலோ கிராஃபிக்ஸ் கார்டிலோ இருக்கும். ஃபேன் ஒரு துள்ளு துள்ளிவிட்டு நின்றுபோனால் எங்கோ ஷார்ட் ஆகிறது என்று சந்தேகிக்கலாம். ஃபேனும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் மின்சாரமே வந்து சேரவில்லை, அல்லது நீங்கள் பொத்தானை அழுத்திய செய்தி வந்து சேரவில்லை. இந்தக் கடைசி வகையைப் பார்த்துத்தான் பலரும் அதிகம் பயப்படுகிறார்கள். செலவே இல்லாமல் வீட்டிலேயே சரியாகிவிடும் வாய்ப்பு அதிகம் இருப்பதும் அதில்தான்.

பொத்தானைப் பற்றி முதலில் ஒரு விஷயம். 1990களின் நடுப்பகுதி வரை வந்த பல கம்ப்யூட்டர்களில் முன்பக்கப் பொத்தான் நிஜமான சுவிட்ச். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டும் தடித்த வயர் வழியாக அதற்கே வந்து போகும். விண்டோஸ் 95 ஓடிய காலத்தில், ஷட் டவுன் கொடுத்த பிறகு ‘இப்போது அணைக்கலாம்’ என்று திரையில் ஆரஞ்சு எழுத்தில் அனுமதி வந்தது சிலருக்கு நினைவிருக்கும். அனுமதி வந்ததும் நாம்தான் கையால் அணைக்க வேண்டும். 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்த பின் இந்த ஏற்பாடு மாறியது. இன்றைய பொத்தான் ஒரு காலிங் பெல், அவ்வளவுதான். அழுத்தினால் மதர்போர்டுக்குச் செய்தி போகிறது. மதர்போர்டு எஸ்எம்பிஎஸ் பெட்டியிடம் மின்சாரம் கேட்கிறது. எஸ்எம்பிஎஸ் எல்லா வோல்டேஜையும் நிலைப்படுத்திவிட்டு, ‘சரி, தொடங்கலாம்’ என்று ஒரு சிக்னல் அனுப்புகிறது. அதற்குப் பிறகே பிராசஸர் கண் விழிக்கும். எல்லாம் நல்லபடியாக இருந்தால் இதற்கு ஒரு நொடிகூடப் பிடிக்காது.

மணி அடித்தால் கேட்பதற்கு உள்ளே யாராவது விழித்திருக்க வேண்டும் அல்லவா? அதற்காகவே, ஷட் டவுன் செய்த பிறகும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரு சிறு பகுதி தூங்குவதில்லை. சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும் வரை அது 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அணைத்துவைத்த கம்ப்யூட்டரில் யுஎஸ்பி மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம் தெரிவதும், நெட்வொர்க் கேபிள் செருகிய இடத்தில் விளக்கு மினுக்குவதும், பல மதர்போர்டுகளில் ஓரமாக ஒரு குட்டி விளக்கு எரிவதும் இதனால்தான். இந்த வெளிச்சங்களில் ஏதாவது ஒன்று தெரிந்தால், சுவரிலிருந்து மதர்போர்டு வரை பாதை நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். எதுவுமே தெரியவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீர்கள். வேலை கேபினெட்டுக்கு வெளியேதான்.

நம் ஊர் வீடுகளில் முதல் சந்தேகம் யுபிஎஸ் மேல் விழ வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு வரும் 600 விஏ யுபிஎஸ்களில் பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று இருக்கும். இரண்டு, மூன்று வருடத்தில் அது தளர ஆரம்பித்துவிடும், வெயில் கொளுத்தும் அறையில் இன்னும் சீக்கிரமாகவே. சில யுபிஎஸ்கள் பேட்டரி செத்துவிட்டால், கரண்ட் இருந்தாலும் ஆன் ஆகாது. சிலவற்றில் விளக்கு மட்டும் எரியும். பொத்தானை அழுத்தி லோடு ஏறியதும் ‘டிக்’ என்று எல்லாம் நின்றுவிடும். யுபிஎஸ்ஸைச் சோதிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். அதை ஒதுக்கிவிட்டு கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். ஸ்பைக் பஸ்டரையும் அப்படியே ஒதுக்குங்கள். அதில் ஃபியூஸோ, ட்ரிப் ஆனால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் சிறு பொத்தானோ இருக்கும்.

சுவர் பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ‘எரியுது, சரியா இருக்கு’ என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. டெஸ்டர் ஃபேஸ் இருப்பதை மட்டுமே காட்டும். நியூட்ரல் வயர் அறுந்திருந்தாலும், பிளக்கின் உள்ளே லூசாக இருந்தாலும் டெஸ்டர் அழகாக எரியும், கம்ப்யூட்டர் மட்டும் ஓடாது. டேபிள் ஃபேன் ஒன்றைச் செருகி ஓட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

அடுத்தது பவர் கேபிள். பெரும்பாலான மானிட்டர்களுக்கும் கேபினெட்டுக்கும் ஒரே மாதிரி கேபிள்தான். மானிட்டரில் விளக்கு எரிகிறது என்றால் அதன் கேபிளை உருவிக் கேபினெட்டுக்குப் போடுங்கள். வேலை செய்தால் பழைய கேபிளைத் தூக்கிப் போட்டுவிடலாம். அதை வைத்துக்கொண்டு பிறகு இன்னொருவருக்குக் கடன் கொடுக்க வேண்டாம்.

கேபினெட்டின் பின்பக்கத்தில், கேபிள் செருகும் இடத்துக்கு அருகில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கென்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வட்டம். கோட்டுப் பக்கம் அழுந்தியிருந்தால்தான் ஆன். ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைக்கும்போதோ, மேஜையை நகர்த்தும்போதோ இந்தச் சுவிட்ச் கைபட்டு மாறிவிடுவது சர்வசாதாரணம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நகர்த்தி ஒன்றும் இருக்கும். அது எப்போதும் 230இல்தான் இருக்க வேண்டும். 115இல் வைத்து நம் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் உள்ளே ‘டமார்’ என்று வெடிக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்து, அதுவும் கரண்ட் போய் வந்த பிறகு ஆன் ஆகவில்லை என்றால், கேபிளை முழுக்கப் பிடுங்கிவிட்டுப் பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடம் கழித்து மறுபடி செருகிப் பாருங்கள். மந்திரம் மாதிரி தெரியும், ஆனால் காரணம் உண்டு. மின்னழுத்தம் தாறுமாறாக எகிறினாலோ, எங்காவது ஷார்ட் ஆனாலோ எஸ்எம்பிஎஸ் தன்னைப் பூட்டிக்கொள்ளும். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்த பிறகுதான் அந்தப் பூட்டு திறக்கும். வடிவதற்கு வழி செய்வதுதான் இந்த அழுத்தல்.

கருகிய வாடை வந்தால் மட்டும் இதையும் செய்ய வேண்டாம். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்கும் ஆர்வம்தான் சின்னக் கோளாறைப் பெரிதாக்கும்.

இனி கேபினெட்டைத் திறக்கலாம். கேபிளைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே கை வைக்கும் முன் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். ஒரே ஒரு எல்லை: எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். உள்ளே ஒரு ஃபியூஸ் இருப்பது உண்மைதான். ஆனால் அது வேறு ஏதோ எரிந்ததால்தான் போயிருக்கும், அதை மட்டும் மாற்றினால் புது ஃபியூஸும் போகும்.

மதர்போர்டில் இரண்டு இணைப்புகளைப் பாருங்கள். ஒன்று, 24 பின் கொண்ட நீளமான பிளக். இன்னொன்று பிராசஸருக்கு அருகில் 4 அல்லது 8 பின் கொண்டது. இரண்டையும் கிளிப் மாட்டும்வரை அழுத்துங்கள். வண்டியில் ஏற்றி வீடு மாறிய கம்ப்யூட்டர்களில் இவை தளர்ந்திருக்கும்.

காலிங் பெல்லே பழுதாகியிருக்கலாம். பவர் பொத்தானிலிருந்து மெல்லிய வயர் ஒன்று மதர்போர்டின் கீழ் ஓரத்தில் இரண்டு பின்களுக்கு வரும். ‘பவர் சுவிட்ச்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அருகில் அச்சிட்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, பக்கத்திலுள்ள ரீசெட் பொத்தானின் வயரை அந்த இரண்டு பின்களில் மாட்டுங்கள். கேபிளைச் செருகி ரீசெட்டை அழுத்துங்கள். கம்ப்யூட்டர் ஓடினால் குற்றவாளி பவர் பொத்தான் மட்டுமே. புதிய கேபினெட் வாங்கும்வரை ரீசெட் பொத்தானையே பவர் பொத்தானாக வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டலாம், யாரும் கேட்கப்போவதில்லை. இதன் மறுபக்கமும் உண்டு. பொத்தான் உள்ளே சிக்கி அழுந்தியே இருந்தால், ஆன் ஆகி நாலைந்து நொடியில் அணைந்துவிடும். தொடர்ந்து அழுத்தினால் அணைந்துவிட வேண்டும் என்பது அதற்கு நாமே கொடுத்திருக்கும் கட்டளை.

அதற்கும் அசையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் இது எளிது. கேபிளைப் பிடுங்கிவிட்டு 24 பின் பிளக்கை மதர்போர்டிலிருந்து கழற்றுங்கள். மறுபடி கேபிளைச் செருகி, அந்தப் பிளக்கில் ஊதா வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவே அளந்தால் 5 வோல்ட் வர வேண்டும். முன்பு சொன்ன தூங்காத மின்சாரம் இதுதான். இதுவே வரவில்லை என்றால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை, எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. வந்தால் அடுத்த கட்டம்: கேபிளைப் பிடுங்கிவிட்டு, பச்சை வயர் உள்ள துளையையும் ஏதாவது ஒரு கறுப்பு வயர் துளையையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்து, பிறகு மின்சாரம் கொடுங்கள். மதர்போர்டு கேட்கும் கேள்வியை நாமே கேட்கிறோம். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் என்று வர வேண்டும். 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஃபேன் சுற்றிவிட்டதாலேயே எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. சும்மா இருக்கும்போது ஒழுங்காக இருந்து, லோடு ஏறியதும் படுத்துவிடும் பெட்டிகள் உண்டு. எல்லா வயரும் கறுப்பாக இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்றாலோ, 24 பின் பிளக்கே இல்லாத கம்பெனி கம்ப்யூட்டர் என்றாலோ இந்தச் சோதனையைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். டெல் ஆப்டிப்ளெக்ஸ் மாடல்கள் பலவற்றில் பின்பக்கமே ஒரு சோதனைப் பொத்தானும் பச்சை விளக்கும் வைத்திருக்கிறார்கள். மற்ற கம்பெனிகளும் அதைப் பின்பற்றியிருக்கலாம்.

கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. நல்ல பிராசஸர், நல்ல ராம் என்று பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, அத்தனைக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியில் சிக்கனம் பிடிப்பது நம்மவர்கள் வழக்கம். மாற்றும்போது, வாரண்டி உள்ள, 80 பிளஸ் முத்திரை உள்ள எஸ்எம்பிஎஸ்ஸாகப் பார்த்து வாங்குங்கள்.

ஃபேன் துள்ளி நிற்கும் வகையில் வேலை வேறு. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். முதலில் வெளியே செருகியிருக்கும் யுஎஸ்பி சாமான்கள் எல்லாம். முன்பக்க யுஎஸ்பி துளைக்குள் பின் வளைந்து ஒன்றையொன்று தொட்டால்கூட இப்படி ஆகும். டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ். ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு ஒருமுறை ஆன் செய்ய வேண்டும். ஒரேயடியாக எல்லாவற்றையும் கழற்றி மாட்டினால், சரியானாலும் எது காரணம் என்று தெரியாமலே போகும். மதர்போர்டுக்கு அடியில் உருண்டுபோன ஸ்க்ரூ, கதகதப்புக்கு உள்ளே புகுந்து செத்துப்போன பல்லி என்று சிரிப்பும் அருவருப்புமான காரணங்களும் கிடைக்கும்.

ஃபேன் சுற்றித் திரை மட்டும் வரவில்லை என்றால், ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, கிளிப் பூட்டிக்கொள்ளும்வரை அழுத்தி மாட்டுங்கள். கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் இந்தப் பட்டைகள் சீக்கிரம் மங்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில் இருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல. மதர்போர்டிலுள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் எடுத்துவைத்துத் திரும்பப் போடுவதும் சில சமயம் பலிக்கும். அந்த 3 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் வழக்கமாகத் தேதியும் நேரமும்தான் தவறும், ஆனால் தீர்ந்த பேட்டரியோடு எழுந்திருக்க மறுக்கும் போர்டுகளும் உண்டு.

கடைக்குக் கொண்டுபோக வேண்டியதாகிவிட்டால், ‘மதர்போர்டு போச்சு’ என்ற தீர்ப்புக்கு முன், நன்றாக ஓடும் வேறு எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். போர்டில் உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. படங்களும் கணக்குகளும் போய்விட்டதோ என்ற பதற்றம் வேண்டாம். ஆன் ஆகாத கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்கலாம். விண்டோஸ் 11இல் மட்டும் ஒரு சிக்கல் வரலாம். பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். போர்டு மாறினாலோ, டிஸ்க்கை வேறு இடத்தில் மாட்டினாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சைன் இன் செய்து பயன்படுத்தியவர்களுக்கு அந்த எண் வழக்கமாக அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போர்டை மாற்றச் சரி சொல்வதற்கு முன் போனில் அந்தக் கணக்கைத் திறந்து, எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.