மைசூர் வங்கியும் வைப்பாளரின் நம்பிக்கையும்

1913ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் லாகூரில் பீப்பிள்ஸ் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. அவ்வாண்டு முடிவதற்குள் பம்பாயில் இந்தியன் ஸ்பீசி வங்கியும் கதவை மூடியது. குறுகிய கால வைப்புகளைத் தொழில்களில் நீண்ட காலத்துக்கு முடக்கியது முதல் வங்கியின் தவறு. வெள்ளி வாணிகத்தில் இறங்கிச் சூதாடியது இரண்டாவதன் தவறு. தொடர்ந்து சில ஆண்டுகள் சிறிதும் பெரிதுமாகப் பல வங்கிகள் வீழ்ந்தன. சென்னை மக்களுக்கு அந்த அச்சம் புதிதன்று. 1906இல் அர்பத்நாட் நிறுவனம் முறிந்து, ஓய்வூதியர்களும் கைம்பெண்களும் சேமிப்பை இழந்ததை அவர்கள் கண்ணாரக் கண்டிருந்தனர். அந்த வீழ்ச்சிக்குப் பிறகுதான், 1907இல், இந்தியன் வங்கி பிறந்தது.

இவ்வளவு கெட்ட பருவத்தில், 1913 அக்டோபர் 2ஆம் நாள், மைசூர் சமஸ்தானத்தில் ஒரு புதிய வங்கி தொடங்கப்பட்டது. பெயர் ‘பேங்க் ஆஃப் மைசூர்’. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அரியணையில் இருந்தார்; முந்தைய ஆண்டுதான் எம். விஸ்வேஸ்வரய்யா திவான் பொறுப்பை ஏற்றிருந்தார். காவிரிக் கரை வாசகர்களுக்கு இப்பெயரைக் கேட்டதும் கிருஷ்ணராஜசாகர் அணைதான் நினைவுக்கு வரும். வங்கியும் அவருடைய முயற்சியே. அவர் தலைமையில் அமைந்த வங்கிக் குழுவின் பரிந்துரையால் அது உருவாயிற்று. அணைக்கும் வங்கிக்கும் உள்ள ஒற்றுமையை அந்தப் பொறியாளர் நன்கு உணர்ந்திருப்பார் என்றே எண்ணுகிறேன். சிதறி ஓடுவதைத் தேக்கி, தேவையான இடத்துக்குத் தேவையான அளவில் திறந்துவிடுவதே இரண்டின் வேலையும்.

வங்கிக்கு சமஸ்தான அரசின் ஆதரவு இருந்தது. வைப்பாளர் முன்வந்ததற்கு அதுவே முதற்காரணம். அன்று ரிசர்வ் வங்கி இல்லை. அது வந்தது 1935இல். வைப்புக் காப்பீடு என்ற சொல்லே இந்நாட்டில் எவரும் கேட்டறியாதது. பணம் போடுபவர் பார்த்ததெல்லாம் பின்னால் நிற்பவர் யார் என்பதை மட்டுமே.

அதன் பிந்தைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1953இல் ரிசர்வ் வங்கியின் முகவராக அரசுக் கணக்குகளைக் கையாளத் தொடங்கியது. 1960 மார்ச்சில் பாரத ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகி, ‘ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர்’ என்ற பெயரைப் பெற்றது. 2017 ஏப்ரல் 1ஆம் நாள் மற்ற துணை வங்கிகளோடு சேர்ந்து தாய் வங்கியில் இணைந்தது. 10 பங்கு வைத்திருந்தோருக்குப் பாரத ஸ்டேட் வங்கியின் 22 பங்குகள் கிடைத்தன. பெங்களூரில் அதன் தலைமையகம் இருந்த நாற்சந்தியை மக்கள் இன்றும் மைசூர் வங்கிச் சதுக்கம் என்றே அழைக்கின்றனர்.

அது துணை வங்கியான அதே 1960இல், ஆகஸ்டு மாதம், கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. வைப்புக் காப்பீட்டுச் சட்டம் 1961இல் வந்ததற்கு அதுவே உடனடிக் காரணம். 1962 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,500 ரூபாய் வரை காப்பீடு கிடைத்தது. அத்தொகை படிப்படியாக உயர்ந்து 1993இல் 1 லட்சமாகி, 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம் ரூபாயாக நிற்கிறது.

இதில் வாடிக்கையாளர் பலர் கவனியாத ஒன்று உண்டு. 5 லட்சம் என்பது கணக்குக்கு அன்று, ஆளுக்கு. அதுவும் ஒரு வங்கிக்கு. அசலும் வட்டியும் அதில் அடங்கும். ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் ஒருவர் தம் பெயரில் வைத்திருக்கும் தொகை முழுவதும் ஒன்றாகவே கூட்டப்படும். இரண்டு வங்கிகளில் பணம் வைத்திருப்பவருக்கு இரண்டு வரம்புகள். அவை ஒன்றாக இணைந்துவிட்டால் வரம்பும் ஒன்றே. அரசு வங்கிகளில் இது பெரிதும் ஏட்டுக் கணக்காகவே இருக்கலாம். ஆயினும் ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டுறவு வங்கிகளிலும் தனியார் வங்கிகளிலும் வைப்பு வைத்திருப்போர், இணைப்புச் செய்தி வரும்போது தம் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நன்று.

வளர்ந்த நாடுகளுக்கு இக்கவலை இல்லை என்று நினைத்தல் தவறு. சேமிப்பு வங்கி மரபில் இருநூறு ஆண்டுப் பழக்கமுள்ள நாடு சுவீடன். கோத்தன்பர்க்கில் 1820இலேயே சேமிப்பு வங்கி தோன்றிவிட்டது. அந்நாட்டிலேயே 1992இல் வங்கிகளின் கடமைகள் அனைத்துக்கும் அரசு பொறுப்பேற்க நேர்ந்தது. ஐஸ்லாந்தின் நிலை இன்னும் கடினம். 2008 அக்டோபரில் அதன் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் வீழ்ந்தன. உள்நாட்டு வைப்புகளை அரசு காத்தது; ஆனால் ‘ஐஸ்சேவ்’ என்ற பெயரில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் திரட்டிய வைப்புகளுக்கு அந்தந்த நாட்டு அரசுகளே முதலில் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. வங்கி நாட்டைவிடப் பெரிதாகிவிட்டால், பின்னால் நிற்பதற்கு எவரும் எஞ்சுவதில்லை.

மைசூரு வாசகர்களுக்கு இனி ஒரு நடைமுறைச் செய்தி. வீட்டுப் பெரியவர்களின் பெட்டியில் பழைய மைசூர் வங்கிப் பாஸ்புத்தகமோ வைப்பு ரசீதோ கிடைத்தால், வங்கியே இல்லை என்று எண்ணி எறிந்துவிட வேண்டாம். அந்தக் கணக்குகள் பாரத ஸ்டேட் வங்கியிடம் உள்ளன. பத்தாண்டுகள் இயக்கப்படாத அல்லது கோரப்படாத தொகை, 2014இல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அங்கே சென்றபின்னும் உரிமை அழியாது. வைப்பாளரோ வாரிசோ எப்போது வேண்டுமானாலும் கணக்குள்ள வங்கியிடமே கோரலாம். வங்கி கொடுத்துவிட்டு நிதியிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும். எந்த வங்கி என்பதே நினைவில்லாதோர், ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ இணையதளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். 2023இல் தொடங்கப்பட்ட சேவை இது.

மிகுந்த காலம் பிடிப்பது வாரிசுரிமையை மெய்ப்பிப்பதே. 1985 வரை நம் வங்கிகளில் நியமனதாரரைக் குறிக்கும் வசதியே கிடையாது. அதற்கு முன் தொடங்கிப் பின்னர் எதையும் பதிவு செய்யாத கணக்கானால், இறப்புச் சான்றோடு வாரிசுரிமையைக் காட்டும் ஆவணங்களும் பொதுவாகத் தேவைப்படும். பாஸ்புத்தகத்தில் ‘முத்துசாமி’, ஆதாரில் ‘எம். சாமி’ என்று இருக்கும். கன்னட எழுத்தில் பதிந்த பெயர் வேறொரு வடிவில் இருக்கும். இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று கேட்கப்படும்போது, அலுவலர் தடை போடுகிறார் என்று வருந்த வேண்டாம். நியமனதாரர் இருந்தாலும் அவர் வாரிசுகளின் சார்பில் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே. பங்கீடு அவர்களுக்குள் முடிவு செய்ய வேண்டியது. கிளைக்கு வரும்போது அசல் ஆவணங்களோடு இரண்டிரண்டு நகல்களும் கொண்டுவந்தால் ஒரு நடை மிச்சமாகும்.