நூறு ரூபாய் டேட்டாவில் யாருக்கு எவ்வளவு?

“அண்ணே, நூறு ரூபாய்க்கு ரீலோட் போடுங்க.” கொழும்பின் கொட்டாஞ்சேனைச் சில்லறைக் கடைகளில் காலை முதல் இரவுவரை கேட்கும் பேச்சு இது. அந்த நூறையும் டேட்டாவுக்கே செலவழித்தால் இணையத்துக்குப் போவது ஏறத்தாழ 81 ரூபாய்தான். மீதி 19 ரூபாய் வரி. 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்ந்த வற் வரி, அதற்குக் கீழே 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு வரி, 2 சதவீத செஸ் வரி என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுவதால் வரும் கணக்கு இது.

இப்படி வரியும் சேர்ந்து விலை ஏறும்போது, வசதியில்லாதவர்களுக்கும் இணையம் எட்டுவதற்கான பணத்தை எப்படித் திரட்டுவது? தொலைபேசிக் கம்பெனிகளின் வருமானத்தில் ஒரு பங்கை நிதியமாகச் சேர்த்து, இலாபம் வராத ஊர்களில் செலவிடுவது பல நாடுகளின் வழி. இந்தியா 2002 முதல் 5 சதவீதம் அறவிட்டது. பெருந்தொகை சேர்ந்தும் அதில் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் செலவாகாமலே கிடந்தது.

இலங்கை 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தால் வெளிநாட்டு அழைப்புகளுக்கு அறவீடு விதித்தது. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பிள்ளைகள் வெள்ளவத்தையில் இருக்கும் அம்மாவோடு பேசிய ஒவ்வொரு நிமிடத்திலும் அந்த அறவீட்டுக்கு ஒரு பங்கு போனது. கிராமங்களுக்கு வலையமைப்பைக் கொண்டுபோன கம்பெனிகள் அதில் பெரும்பகுதியைத் திருப்பிப் பெறலாம் என்பது ஏற்பாடு. யுத்தகாலத்துப் பிரிவின் பணம் எங்கோ ஒரு கிராமத்துக்குத் தொலைபேசி கொடுத்தது என்பதை நம்மில் பலர் அறிந்ததில்லை. வாட்ஸ்அப்பும் வைபரும் வந்தபின் அந்த வருமானம் வற்றத் தொடங்கியது.

உலக வங்கிக் கடனில் உருவான நெனசல எனும் பொதுக் கணினி, இணைய நிலையங்கள் இன்னொரு முயற்சி. தமிழில் அவற்றுக்கு அறிவகம் என்று பெயர். 2014இல் அவற்றுக்குக் கேட்ஸ் அறக்கட்டளையின் 10 இலட்சம் டொலர் விருதும் கிடைத்தது.

இவையெல்லாம் இணைப்பே இல்லாத இடங்களுக்கானவை. அந்தத் தேவை உண்மையானது: கொவிட் காலத்தில் பிபிலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுவழியே மலை ஏறினார்கள். கொட்டாஞ்சேனையில் சிக்னல் நிறைய இருந்தது. ஒரே ஃபோனை மூன்று பிள்ளைகள் மாறிமாறி வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போன வீட்டில், பாதிப் பாடத்தில் டேட்டா முடிந்தது. அந்த வீட்டுக்குப் புதுச் சிக்னல் கோபுரம் எந்த உதவியும் செய்யாது.

ஐ.நா.வின் அகலப்பட்டை ஆணைக்குழு 2018இல் ஓர் இலக்கு வைத்தது: அடிப்படை இணையத்தின் விலை, தலா மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். தலா வருமானம் என்பது சராசரி. வெள்ளவத்தையில் மாடிவீடு வைத்திருப்பவரையும் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரையும் கூட்டி வகுத்த எண் அது. சுமப்பவருக்கு அதே டேட்டா பலமடங்கு பாரம். அவர் வாங்குவதும் சின்னப் பெக்கேஜ்தான். ஜிபி கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் அதுதான் விலை கூடியது.

2022 செப்டெம்பரில் இலங்கையில் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 சதவீதம் ஏறின. ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2017 செப்டெம்பரில், இணையத்தின் மீதிருந்த 10 சதவீத தொலைத்தொடர்பு வரியை அரசு நீக்கியிருந்தது. ஒரு கோபுரமும் கட்டாமல் விலையைக் குறைக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி. மாதத்தின் முதல் சில ஜிபிக்கு வற் வரியை விலக்கலாம். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பெறும் குடும்பங்களில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், அந்தக் கொடுப்பனவோடு டேட்டாவையும் சேர்த்துக் கொடுக்கலாம். இதற்கான பணத்தின் ஒரு பகுதி அந்த 19 ரூபாயிலேயே இருக்கிறது.